அத்தியாயம் 6: எல்லோரும் வாங்கி முடிக்கும் வெப்சைட்

உங்கள் கடையின் வெப்சைட்டைத் திறந்து, பொருளைத் தேடி, விலை பார்த்து, கூடையில் போட்டு, பணம் கட்டி, பில் வாங்கும் வரை ஒரு வாடிக்கையாளர் யார் துணையும் இல்லாமல் தானே போய்ச் சேர வேண்டும். பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுங்குபவர், கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருக்கும் பெரியவர் என எல்லோராலும் அது முடிய வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வேலைகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

பாதி வழியில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பார்வையற்ற ஒரு பெண் பணம் கட்டும் பக்கத்தில் சிக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். போனை அவன் கையில் கொடுக்க வேண்டும். கார்டு எண்ணைச் சொல்ல வேண்டும். ஓடிபி வந்ததும் அவனையே பார்த்து அடிக்கச் சொல்ல வேண்டும். அவர் வாங்குவது மருந்தாக இருக்கலாம், உள்ளாடையாக இருக்கலாம். அதுவும் அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. சரியாகக் கட்டாத வெப்சைட் அதைச் சொல்ல வைக்கிறது. இதை வசதிக் குறைவு என்று நான் எண்ணவில்லை. பாதுகாப்புக் குறைவு, மரியாதைக் குறைவு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். அது பழைய கணக்கு. வயதால் பார்வை மங்கியவர்களும், கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் ஒற்றைக் கையால் போன் பிடிப்பவர்களும் அதில் இல்லை. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று ஆர்டர் போடுபவருக்கும் மங்கலான எழுத்து தெரியாது. ஆகவே "நம்ம கடைக்கு அப்படிப்பட்டவங்க யாரும் வர்றதில்லையே" என்று சொல்லும் முதலாளிக்கு என் பதில்: வந்தார்கள், உள்ளே நுழைய முடியாமல் போய்விட்டார்கள். போனவர்களின் கணக்கு உங்கள் டாஷ்போர்டில் வராது.

காதால் பார்த்தால் உங்கள் பக்கம் எப்படி இருக்கும்?

பார்வையற்றவர்கள் போனையும் கம்ப்யூட்டரையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு இயக்குகிறார்கள். திரையில் இருப்பதை அது குரலில் படித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் இது கூடவே வருகிறது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய நண்பர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய முயற்சி அது. விண்டோஸில் தமிழ் மொழியின் பேச்சு வசதியைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலும் கிடைக்கும்.

திரைவாசிப்பானுக்குப் படம் தெரியாது. பின்னால் எழுதியிருக்கும் எழுத்துதான் தெரியும். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் வாங்கி அவசரமாகக் கட்டிய வெப்சைட். அதன் சேலைப் பக்கம் ஒன்று காதில் இப்படி விழும்: "லிங்க். ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 4471 டாட் ஜேபிஜி. லிங்க். ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 4472 டாட் ஜேபிஜி. 14,500. 11,900. பட்டன். பட்டன். பட்டன். லிங்க்."

இதில் எது சேலை, எது விலை, எந்தப் பட்டன் எதற்கு? மூன்று பட்டன்களில் ஒன்று கூடை, ஒன்று பிடித்தவை பட்டியல், இன்னொன்று பகிர்வு. மூன்றும் வெறும் ஐகான்கள். பின்னால் பெயர் எழுதவில்லை. கடைசியில் வந்த லிங்க், மூலையில் மிதக்கும் வாட்ஸ்அப் சின்னம். 14,500 என்பது அடித்துப்போட்ட பழைய விலை, 11,900 இப்போதைய விலை. குறுக்கே கோடு போட்டிருப்பதைத் திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இரண்டு விலை கேட்ட வாடிக்கையாளர் எதை நம்புவார்?

திருத்துவது சுலபம். விலைக்கு முன்னால் "முந்தைய விலை", "இப்போதைய விலை" என்று எழுத்திலேயே போடுங்கள். கண் தெரிந்தவருக்கும் அது தெளிவு. ஒவ்வொரு ஐகானுக்கும் பின்னால் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்: "கூடையில் சேர்", "பிடித்தவையில் சேர்", "பகிர்", "வாட்ஸ்அப்பில் கேளுங்கள்". டெவலப்பருக்கு இது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

படத்துக்குப் பின்னால் எழுதும் விளக்கத்தை ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். இதை டெவலப்பரிடம் விடாதீர்கள். அவருக்குச் சேலை தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். கடையில் சேலையைப் பிரித்துப் போட்டு வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். "அழகான பட்டுச் சேலை" என்பதால் யாருக்கும் பயனில்லை. "அரக்கு உடல், மயில்கழுத்துப் பச்சையில் அகலமான கோர்வை பார்டர், உடல் முழுக்கச் சின்ன மாங்காய் புட்டா, முந்தியில் நெருக்கமான சரிகை" என்றால் அது விற்கும் வரி. நிறத்தின் பெயரைச் சொல்வதில் தயங்க வேண்டாம். பார்வையற்றவர்களில் பலர் பாதி வயதில் பார்வை இழந்தவர்கள். வாடாமல்லியும் கிளிப்பச்சையும் எம்.எஸ். நீலமும் அவர்கள் நினைவில் உண்டு. பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கும் எந்த நிறம் எந்த விசேஷத்துக்கு என்று தெரியும். கல்யாண வீட்டுக்கு என்ன உடுத்துவது என்பதை அவரும் முடிவு செய்கிறார். நிறத்தைக் குட்டி வட்டங்களாக மட்டும் காட்டும் கடைகளில், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ளவரும் திணறுவார். வட்டத்துக்குக் கீழே பெயரையும் எழுதினால் இருவருக்கும் ஆகும்.

வெறும் அலங்காரத்துக்காகப் போட்ட கோலம், கொடி, பின்னணிப் படங்களுக்கு ஆல்ட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். காலியாக விடுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. காலியாக விட்டால் திரைவாசிப்பான் அந்தப் படத்தைத் தாண்டிவிடும். எழுதாமலே விட்டால் பல இடங்களில் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும். மேலே கேட்ட 4471 அப்படி வந்ததுதான்.

தலைப்புகளையும் கவனியுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்குத் தலைப்பு, திரைவாசிப்பானுக்குச் சாதாரண வரிதான். டெவலப்பர் அதைத் தலைப்பு என்று கோடில் குறிக்க வேண்டும். என்விடிஏ பயன்படுத்துபவர் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். நாம் கண்ணால் பக்கத்தை மேய்வதற்கு ஈடானது அது.

தங்க நிற எழுத்து

பட்டுக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம் எல்லோருக்கும் தங்க நிறம் பிடிக்கும். வெள்ளைப் பின்னணியில் தங்க நிற எழுத்து போடுவார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கிறார்கள். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வழக்கமான உலோகத் தங்க நிறம் வெள்ளையின் மேல் 2.1 தான் வரும். அதே தங்க நிறத்தை #800000 என்ற மெரூன் மேல் வையுங்கள்: 5.2. உங்கள் கடையின் நிறத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, பின்னணியை மாற்றினால் போதும்.

சாம்பல் எழுத்திலும் இதே கதைதான். #999999 என்ற சாம்பல் வெள்ளையில் 2.8; கொஞ்சம் அடர்ந்த #767676 போட்டால் 4.5-ஐத் தாண்டிவிடும். வாட்ஸ்அப் பச்சை மேல் வெள்ளை எழுத்தில் "ஆர்டர் செய்யுங்கள்" என்று போடுகிறார்களே, அது ஏறக்குறைய 2 தான். ஊரில் பாதிக் கடைகளின் முக்கியமான பட்டன் அதுதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: எழுத்தைக் கறுப்பாக்குங்கள், அல்லது பச்சையை அடர்த்தியாக்குங்கள். விகிதத்தைக் கணக்கிட இலவசக் கருவிகள் ஏராளம். இரண்டு நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் சொல்லிவிடும்.

நம் ஊரில் மட்டுமே உள்ள குறை இது என்று நினைக்க வேண்டாம். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் குறை இருந்தது. முதலிடம் மங்கலான எழுத்துக்கு: 79.1 சதவீதப் பக்கங்கள்.

தமிழ் வெப்சைட்டுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தமிழில் கடை நடத்துபவர் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதல் சிக்கல் போஸ்டர். ஆடித் தள்ளுபடி வந்தால் டிசைனரிடம் சொல்லி ஒரு படம் செய்து, அப்படியே முகப்பில் ஏற்றிவிடுகிறோம். எத்தனை சதவீதம் தள்ளுபடி, எந்தத் தேதி வரை, எந்தக் கிளையில் என எல்லாம் அந்தப் படத்துக்குள். திரைவாசிப்பானுக்கு அது ஒரு ஜேபிஜி, அவ்வளவுதான். போனில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு எழுத்து பிசிறடிக்கும். கூகுளுக்கும் அந்தத் தள்ளுபடியைப் பற்றித் தெளிவாகத் தெரியாது. போஸ்டர் இருக்கட்டும், அதற்குக் கீழே அதே விவரத்தை நான்கு வரி எழுத்தாக அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டி வேலை செய்பவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்றுதான் கண்டுகொள்ளும். வெப்சைட்டின் பக்கங்கள் இன்று பெரும்பாலும் யூனிகோடுக்கு வந்துவிட்டன. ஆனால் பிரஸ்ஸில் பேஜ்மேக்கரில் செய்து வாங்கிய கேட்லாக், விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம் ஆகியவற்றின் பிடிஎஃப்களில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த பிடிஎஃபில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. கண்டபடி ஆங்கில எழுத்துகள் வந்தால், பார்வையற்ற வாடிக்கையாளரின் காதில் விழுவதும் அதேதான். ஒன்றுமே காப்பி ஆகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: யூனிகோடில் மறுபடி அடித்து, முடிந்தால் பிடிஎஃப் ஆக்காமல் சாதாரண வெப் பக்கமாகவே போடுவது.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாதது. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கோடில் ஒரு குறிப்பு உண்டு. வாங்கிய டெம்ப்ளேட்டில் அது ஆங்கிலம் என்று இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. உள்ளே முழுக்கத் தமிழ், குறிப்பு மட்டும் ஆங்கிலம் என்றால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைப் படிக்கப் பார்க்கும். குரலைப் பொறுத்துச் சிலது உளறும், சிலது அந்த வரியைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிடும். டெவலப்பரிடம் "பேஜ் லாங்வேஜைத் தமிழ்னு மாத்துங்க, நடுவுல வர்ற ஆங்கிலப் பகுதிக்கு ஆங்கிலம்னு தனியா குறிங்க" என்று சொன்னால் புரியும். ஒரே ஒரு வரி மாற்றத்தில் பேசாத பக்கம் பேசத் தொடங்கும். இந்த அத்தியாயத்தில் இதைவிட மலிவான வேலை வேறில்லை.

பிறகு, தமிழ்ச் சொற்களின் நீளம். ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பட்டனுக்கு வெட்டிய இடத்தில் "தொடர்புகொள்ளுங்கள்" உட்காராது. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பாதி வெட்டுப்படும். பட்டனின் அகலம் எழுத்துக்கு ஏற்ப விரியும்படி செய்ய வேண்டும். பொடி எழுத்தில் ணகரமும் னகரமும் மயங்கும், புள்ளி மறையும். 18 பிக்சலுக்குக் கீழே தமிழை இறக்காதீர்கள், வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்காவது இடைவெளி விடுங்கள் என்பது என் சிபாரிசு. சில டெம்ப்ளேட்டுகள் போனில் இரண்டு விரலால் பெரிதாக்குவதையே தடுத்து வைத்திருக்கும். அதை முதல் நாளே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் பக்கம்

மற்ற பக்கங்களில் நேரம் குறைவாகச் செலவழித்தாலும் இங்கே கஞ்சத்தனம் கூடாது. வாடிக்கையாளர் மனம் வைத்து வந்துவிட்டார். இனி அவரை இழந்தால் அது நம் தவறு.

பெயர், முகவரி, பின்கோடு என்று கேட்கும் கட்டங்களுக்குள் மங்கலாக எழுதி வைப்பார்கள். அடிக்கத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். ஞாபக மறதி உள்ளவருக்கு எந்தக் கட்டத்தில் எதை அடித்தோம் என்று தெரியாது. கட்டத்துக்கு மேலே நிரந்தரமாகப் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரும் கட்டமும் கோடில் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் ஓரத்தைச் சிவப்பாக்கிவிட்டுச் சும்மா இருப்பது போதாது. "பின்கோடில் 6 இலக்கம் வேண்டும், 5 தான் இருக்கிறது" என்று எழுத்தில் சொல்லி, கர்சரை அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோக வேண்டும். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்ற வாக்கியம் உங்கள் வெப்சைட்டில் எங்கும் இருக்கக் கூடாது.

யுபிஐ என்றால் உடனே கியூஆர் கோடு படத்தைக் காட்டுகிறார்கள். வாடிக்கையாளர் அதே போனில்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார். தன் திரையைத் தானே எப்படி ஸ்கேன் செய்வார்? பார்வையற்றவருக்குக் கேமராவைக் குறிபார்த்துப் பிடிப்பதே கஷ்டம். யுபிஐ ஐடியைக் காப்பி செய்யக்கூடிய எழுத்தாகப் போடுங்கள். யுபிஐ செயலியை நேராகத் திறக்கும் பட்டனும் வையுங்கள்.

ஓடிபி பெட்டியில் ஆறு தனிக் கட்டங்கள் வேண்டாம். ஒரே கட்டமாக இருந்தால் போனே ஓடிபியை நிரப்பிக்கொடுக்கும். 30 விநாடியில் முடிந்துபோகும் நேரக் கணக்கை வைத்து விரட்டாதீர்கள். திரைவாசிப்பானோடு வேலை செய்பவர் மெசேஜ் படித்துத் திரும்பி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். கூடுதல் நேரம் கேட்க வழி கொடுங்கள். கோணல் மாணல் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சாவை எடுத்துவிடுங்கள்.

மவுஸ் பிடிக்க முடியாதவர் கீபோர்டால் மட்டுமே எல்லாம் செய்வார். டேப் விசையைத் தட்டினால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைச் சுற்றி ஒரு கோடு காட்ட வேண்டும். அந்தக் கோடு அசிங்கமாக இருக்கிறது என்று டிசைனர்கள் எடுத்துவிடுகிறார்கள். எடுக்க விடாதீர்கள், வேண்டுமானால் உங்கள் கடையின் நிறத்தில் அழகாகப் போடச் சொல்லுங்கள். "முதல் ஆர்டருக்கு 10 சதவீதம்" என்று நடுவில் குதிக்கும் பாப்-அப்பை எஸ்கேப் விசையால் மூட முடிய வேண்டும். தொடும் இடம் ஒவ்வொன்றும் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். நடுங்கும் கைக்கு 44 இருந்தால் நல்லது.

காது கேளாதவரின் ஆர்டர்

இதில் வெப்சைட்டைவிட ஆபீஸ் பழக்கம்தான் தடை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் வந்தால் போன் செய்து உறுதிப்படுத்துவது, எடுக்காவிட்டால் ரத்து செய்வது என்று பல கடைகளில் விதி உண்டு. காது கேளாதவர் அந்தப் போனை எடுத்து என்ன செய்வார்? ஆர்டர் படிவத்தில் "போன் வேண்டாம், மெசேஜ் மட்டும் அனுப்புங்கள்" என்று ஒரு டிக் கட்டம் வையுங்கள். அதை பேக்கிங் ஸ்லிப்பிலும் அச்சடித்தால்தான் டெலிவரிப் பையனுக்குத் தெரியும். புகாருக்கும் ரிட்டர்னுக்கும் போன் நம்பர் மட்டும் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப்பையும் ஈமெயிலையும் சேர்த்துக் கொடுங்கள். வீடியோ போட்டால் தமிழில் கேப்ஷன் போடுங்கள். தானாக உருவாகும் கேப்ஷனை அப்படியே விடாமல் ஒருமுறை படித்துத் திருத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 46-ஆவது பிரிவு சேவை வழங்குவோர் என்று சொல்லும்போது அரசையும் தனியாரையும் சேர்த்தே சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். வெப்சைட்டுக்கும் செயலிக்குமான இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802. 2023-இல் அது இந்தச் சட்டத்தின் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களால் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாமல் டிஜிட்டல் கேஒய்சி தடைபட்டது பற்றிய வழக்கு அது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது.

வெளிநாட்டில், டார்கெட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி பார்வையற்றோர் தொடுத்த வழக்கில் 2008-இல் 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. திருப்பூரிலிருந்தோ கரூரிலிருந்தோ அங்குள்ள நுகர்வோருக்கு நேரடியாக ஆன்லைனில் விற்பவராக இருந்தால், உங்கள் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ இதைப் பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள்.

கொட்டேஷனில் என்ன எழுத வேண்டும்

வெப்சைட் கட்டி முடித்த பிறகு திருத்துவது செலவு. டெவலப்பர் கொட்டேஷன் கொடுக்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். உலகம் முழுவதும் பின்பற்றும் தரநிலைக்கு டபிள்யூசிஏஜி என்று பெயர். 1999-இல் முதல் பதிப்பு வந்தது, 2023 அக்டோபரில் வந்தது 2.2. அதில் ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மூன்று நிலைகள் உண்டு; கடைகளுக்கு டபுள்-ஏ சரியான இலக்கு. இப்படி எழுதுங்கள்: "இந்த வெப்சைட் டபிள்யூசிஏஜி 2.2 டபுள்-ஏ நிலைக்கு இருக்க வேண்டும். தேடுவது முதல் பணம் கட்டுவது வரை கீபோர்டால் மட்டும் முடிக்க முடிய வேண்டும். டாக்பேக், என்விடிஏ இரண்டிலும் முடிக்க முடிய வேண்டும். கடைசித் தவணை இந்தச் சோதனைக்குப் பிறகே தரப்படும்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். வேர்ட்பிரஸ்ஸில் கட்டுவதாக இருந்தால், 'ஆக்சஸிபிலிட்டி ரெடி' என்று குறியிட்ட தீம்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பாதி வேலை மிச்சம்.

ஒரு வரி கோடைச் சேர்த்தால் வெப்சைட் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி, மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு விட்ஜெட்டை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். பெயரில்லாத பட்டனுக்குச் சரியான பெயர் எது என்று அதற்குத் தெரியாது. பயனர் ஏற்கெனவே வைத்திருக்கும் திரைவாசிப்பானோடு அது மோதவும் செய்யும். இப்படி ஏஐ விட்ஜெட் விற்ற ஒரு நிறுவனம், எந்த வெப்சைட்டையும் தரநிலைக்குக் கொண்டுவரும் என்று பொய்யாக விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டும்படி ஆனது. மாதச் சந்தாவாகக் கொடுக்கும் அந்தப் பணத்தை டெவலப்பரிடம் கொடுத்து உண்மையான திருத்தத்தைச் செய்யுங்கள்.

சோதனை

கீபோர்டிலிருந்து தொடங்குங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். அடுத்து எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு போனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டாக்பேக் என்று போய் அதை இயக்குங்கள். வலப்பக்கம் விரலை இழுத்தால் அடுத்ததற்குப் போகும். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். வெளியே வர முடியாமல் தடுமாறுவீர்கள் என்பதால், வால்யூம் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அணையும் ஷார்ட்கட்டை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கடையில் நீங்களே ஒரு சேலை வாங்குங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அதை எழுதி டெவலப்பருக்கு அனுப்புங்கள்.

கூகுள் குரோமில் லைட்ஹவுஸ், வெப்எய்மின் வேவ் போன்ற இலவசக் கருவிகளும் உண்டு. மங்கலான எழுத்தையும் பெயரில்லாத பட்டனையும் அவை நொடியில் பிடித்துவிடும். ஆனால் ஆல்ட்டில் "படம்" என்று எழுதியிருந்தாலும் சரி என்றே சொல்லும். நூற்றுக்கு நூறு மார்க் வாங்கிய பக்கத்திலும் ஆர்டர் போட முடியாமல் போகலாம். புதிய சரக்கு ஏற்றும் பையனுக்கு ஆல்ட் எழுதக் கற்றுக்கொடுங்கள்; இல்லாவிட்டால் திறப்பு விழா நாளில் சரியாக இருந்த வெப்சைட் ஆறு மாதத்தில் பழையபடி 4471 ஆகிவிடும்.

இவை எல்லாம் முடிந்த பிறகு, தினமும் திரைவாசிப்பானோடு வாழும் ஒருவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தையோ, மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கும் கல்லூரியையோ கேட்டால் ஆள் கிடைப்பார். அவருக்கு ஒரு தொகையைக் கொடுத்து, உங்கள் கடையில் விருப்பமானதை வாங்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகத் தோன்றியது என்று கேளுங்கள். இது தொழில்முறை வேலை. டிசைனருக்கும் டெவலப்பருக்கும் கூலி கொடுக்கிறீர்கள், இவருக்கும் கொடுங்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள்.